ரஹமத் பாயின் கிளீனர்

செல்வி அக்காதான் போன் செய்தார். வார்டில் காலை ரவுண்டு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். "நம்ம பாய் போய்ட்டாரும்மா" என்றார். எந்தப் பாய் என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த பாய் ஒருவர்தான். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

ரஹமத் பாய் வாணியம்பாடிக்காரர். ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் ஊருக்கும் அடிவாரத்துக்கும் நடுவே ஜீப் ஓட்டியவர். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினைந்து பேரை அடைத்துவிட்டு, "இன்னா, காத்து வரலையா? அப்ப வெளிய தொங்கிக்கினு வா" என்பார். டீக்கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். நம்மைத் திட்டுவதும் அவர்தான், அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் அவர்தான். அவரைத் தெரியாதவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தவறில் அவருக்கும் பங்கு உண்டு.

அரசுப் பள்ளியில் படித்த எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தை என்ன செய்வது என்று வீட்டில் தினமும் சண்டை. வேலூரில் மாமா வீட்டில் தங்கி இங்கிலீஷ் பேசப் பழகச் சொன்னார் அப்பா. "அங்க போய் திருதிருன்னு முழிக்கப் போறியா?" என்றார். எனக்கு ஊரைவிட்டு நகர மனமில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஊரே என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டது, அது எனக்கு இனித்தது. இருமல், வயிற்றுவலி என்று வாசலுக்கே வந்தார்கள். நானும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெயரை ஜீப்பில் வைத்து முதலில் கூவியவர் பாய்தான்.

ஒருநாள் காலை, எட்டு மாதக் கர்ப்பிணியான செல்வி அக்கா சுகாதார நிலையத்துக்குப் போக ஜீப்பில் ஏறினார். கால் வீங்கியிருந்தது. தலை வலிக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றார். "அவ்ளோ தூரம் இன்னாத்துக்குப் போற? நம்ம டாக்டரம்மாவே முன்சீட்ல கீது, கேளு" என்றார் பாய். நான் ஏதோ தெரிந்த மாதிரி அக்காவின் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். "ரத்தம் கம்மியா இருக்கும். பேரீச்சம்பழம் சாப்பிட்டுப் படுங்க, சரியாய்டும்" என்றேன். அக்கா நிம்மதியாக இறங்கி வீட்டுக்குப் போனார். ஜீப் கிளம்பிவிட்டது.

மறுநாள் நான் ஜீப்பில் ஏறப் போனபோது அக்காவின் கணவர் ஓடிவந்து வண்டியை மறித்தார். அக்காவுக்கு வலிப்பு. பாய் ஏறியிருந்த அத்தனை பேரையும் இறக்கினார். அக்காவைத் தூக்கிப் படுக்க வைத்ததும் என்னைப் பார்த்து, "ஏறு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அக்காவின் தலை என் மடியில் இருந்தது. பல் கிட்டிக்கொண்டு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. மூன்றாவது வளைவில் புளி மூட்டை ஏற்றிய லாரி எதிரே வந்தது. பாய் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பின்சக்கரம் விளிம்பில் கற்களைத் தள்ளிவிடும் சத்தம் கேட்டது. "மூச்சு கீதா பாரு!" என்று கத்தினார். "இருக்கு பாய்." அடுத்த வளைவில், "இப்ப?" "இருக்கு." அடிவாரம் வரும்வரை அவர் அதையே கேட்டார், நான் அதையே சொன்னேன்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். "பிரஷர் ஏறி வந்த வலிப்பு. நேத்தே வந்திருந்தா இந்த நெலமைக்குப் போயிருக்காது" என்று நர்ஸ் சொன்னபோது நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். வெளியே வந்து பாய் அழுதார். சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னது தப்பு. ஒன்ன சொல்ல வெச்சது என் தப்பு. நீ படிச்சு முடிக்கற வரைக்கும் நான் உன்ன டாக்டர்னு கூப்ட மாட்டேன். நீயும் யாருக்கும் வைத்தியம் சொல்லக் கூடாது. இது பேச்சு" என்றார்.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன், வேலூருக்குப் போகவில்லை, ஜீப்பில் போகப் போகிறேன் என்று. "டாக்டருக்குப் படிக்கப் போற பொண்ணு ஜீப்புல தொங்கறதா?" என்று கேட்டவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தினமும் முதல் நடைக்கு ஏறினேன். யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "எனக்குத் தெரியாதுங்க. ஏறுங்க, போய்க் காட்டலாம்." கூடவே போய் வரிசையில் நின்றேன். ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு பெரியவர் விடாமல் நாக்கை நீட்டியபோது பாய் வண்டியை நிறுத்தித் திரும்பினார். "யோவ், அது டாக்டர் இல்ல, என் கிளீனர். நாக்க உள்ள போடு." வண்டியே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் கேட்பது குறைந்து, ஆஸ்பத்திரிக்கு ஏறுகிறவர்கள் கூடினார்கள்.

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. லீவுக்கு வரும்போதெல்லாம், "இன்னா கிளீனரு, எலும்பெல்லாம் எண்ணி முடிச்சிட்டியா?" என்பார். நான் இறுதியாண்டுக்கு வந்தும் அவர் வாயில் டாக்டர் வரவில்லை.

செய்தி கேட்ட அன்றே வாணியம்பாடியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். விடிந்ததும் நெஞ்சை அடைத்திருக்கிறது, இடது கை கடுத்திருக்கிறது. வாயு என்று சோடா குடித்திருக்கிறார். அவருடைய போனை எடுத்து என் கையில் கொடுத்தார். அதில் என் எண்ணுக்கு 'டாக்டரம்மா' என்று பெயர். "இத எடுத்து வெச்சிக்கினு ரொம்ப நேரம் பாத்தாரும்மா. கேளுங்களேன்னேன். அது இன்னும் படிச்சு முடிக்கல, பேச்சு பேச்சுதான்னு கவுத்து வெச்சிட்டாரு." ஆஸ்பத்திரி அங்கிருந்து பத்து நிமிட தூரம். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

வாசலில் ஜீப் நின்றிருந்தது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

போய் வாருங்கள் பாய். கூப்பிட்டிருந்தாலும் உங்கள் பேச்சை நான் மீறியிருக்க மாட்டேன். எனக்குத் தெரியாதுங்க, ஏறுங்க, போய்க் காட்டலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.