எல்லாவற்றுக்கும் "சீ" என்றவர்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோ நகரில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மா, வீட்டில் கூட்டித் துடைத்துவிட்டு, வியாழக்கிழமை பின்னேரங்களில் சிறைக்குப் போவேன். வசதியில்லாதவர்களின் மேன்முறையீடுகளை நடத்திய ஒரு வழக்கறிஞருக்கு இரண்டு சட்ட மாணவிகள் உதவினார்கள். தமிழர் வழக்கென்றால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் எங்கள் எதிரே இருந்தவர் மன்னார்க்காரர். உணவகத்தில் கோப்பை கழுவியவர். முதலாளியின் சங்கிலியைத் திருடியதாக இரண்டு வருடத் தண்டனை. பொலிஸ் எழுதிய வாக்குமூலத்தில் எல்லாக் கேள்விக்கும் "சீ", அதாவது ஓம், என்றே பதில் இருந்தது.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு கேக்கினம், அண்ணை," என்றேன்.

"எனக்கு அந்த ஒரு சொல்லுத்தான் தெரியும், தங்கச்சி. ஓம் எண்டால் விட்டிடுவினம் எண்டு நினைச்சன்."

இதைக் கேட்ட இளைய மாணவி பேனாவை வைத்துவிட்டு, அவரிடமே இத்தாலிய மொழியில், "நீங்கள் நிலாவுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். அவர் பணிவாக, "சீ" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எடுத்த வாக்குமூலம் செல்லாது என்று அவள் எழுதியதை வழக்கறிஞர் வாதிட்டார். தண்டனை ரத்தானது. அதற்குள் ஒன்றரை வருடம் உள்ளே கழிந்துவிட்டது.

வெளியே வந்தவர், "பெர்மெஸ்ஸோவும் முடிஞ்சு போச்சு. இனி எங்கை போறது, தங்கச்சி?" என்றார்.

என்ன சொல்கிறார் என்று அந்த இளைய மாணவி ஆவலோடு கேட்டாள். விசா முடிந்த கதையை அன்றே தொடங்க எனக்குத் தெம்பில்லை.

"களைத்துப் போனாராம்," என்றேன்.