கொள்ளுக் கொல்லையில் கால்பந்து

செவிலிமேட்டுக்கு அருகே பாலாற்றை ஒட்டிக் கிடந்த ஒன்றரை ஏக்கர் மேட்டுநிலம் கங்கையம்மாளுடையது. 1921-இல் சர்க்கார் சேரிக்காரர்களுக்குத் தரிசு நிலம் பங்கிட்டபோது அவள் புருஷனுக்குப் பட்டா கிடைத்தது. மறு வருஷம் அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பட்டா அவள் பெயருக்கு மாறியது. நிபந்தனை ஒன்றுதான்: பயிர் வைக்காமல் போட்டால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

மைதானம் தேடிக்கொண்டிருந்த ஊர்க் கால்பந்துக் கழகத்துக்கு இதெல்லாம் தெரியாது. அதன் காரியதரிசி, சின்ன காஞ்சிபுரத்துப் பள்ளி வாத்தியார் ஹயக்ரீவன், விசாரித்து நேரத்தை வீணாக்கவில்லை. காலி நிலமென்றால் ஊர்ப் பெரிய மனிதருடையதாகத்தான் இருக்கும் என்று வக்கீல் ஸௌந்தரராஜனிடம் போய் அனுமதி கேட்டார். வக்கீலுக்கு நிலம் ஏராளம். இதுவும் அதில் ஒன்றாக இருக்கலாம் என்று பெரிய மனசோடு கொடுத்துவிட்டார். மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

"சாமி, இது என் கொல்லைங்க" என்று கங்கையம்மாள் பட்டாவோடு போய்ச் சொன்னாள்.

"வக்கீலே உத்தரவு குடுத்துட்டார். அங்கேயே நின்னு பேசு" என்றார் ஹயக்ரீவன். அவர் காட்டிய தூரத்திலிருந்து யாரும் பட்டா படிக்க முடியாது.

அன்று முழுக்க அழுதாள். அழுது முடித்து, மைதானத்தின் ஒரு மூலையில் கொள்ளு விதைத்தாள். ஊர் நிலக் கணக்கு எழுதும் கர்ணம் வருஷா வருஷம் வந்து 'கொள்ளு' என்று எழுதிக்கொண்டு போனார். வாலாஜாபாத் ஆட்டக்காரர்கள் வந்தாலும் கொள்ளுக்குள் நின்றுதான் கார்னர் அடித்தார்கள். மாட்டுத்தோல் பந்தைத்தான் எல்லோரும் உதைத்தார்கள். ஆனாலும் அது சேரிக்குள் உருண்டு திரும்பினால் தண்ணீர் தெளித்த பிறகே ஆட்டம் தொடரும்.

1933-இல் மைதானத்துக்குப் பெயர்க்கல் நாட்டத் தாசில்தாரை அழைத்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் சர்வே நம்பர் கேட்டார். கர்ணம் புத்தகத்தைப் புரட்டி வாசித்தார்: "கங்கையம்மாள். கொள்ளு." வக்கீலுக்கு அவசரமாகக் கோர்ட்டு வேலை ஞாபகம் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை.

தாசில்தார் அவளையும் விடவில்லை. "மூலையில வெச்சா செல்லாது. இந்தப் போகம் முழுசும் பயிர் நிக்கணும். இல்லேன்னா பட்டா ரத்து."

புரட்டாசியில் தம்பி முனுசாமியின் ஏரைக் கட்டி மைதானம் முழுவதையும் உழுது விதைத்தாள். கோல் கம்பங்களை மட்டும் பிடுங்கவில்லை; கொள்ளுக்கு அவற்றால் இடைஞ்சல் இல்லை. கர்ணம் வந்து 'முழுவதும் கொள்ளு' என்று எழுதினார். தையில் அறுத்தாள்.

அறுப்பு முடிந்த வாரம் ஹயக்ரீவன் ஆட்டக்காரர்களோடு சேரி முனையில் வந்து நின்றார். "கங்கையம்மா! மாசியிலே மாட்ச் இருக்கு. நிலம் சும்மாதானே கெடக்கு?"

"கேக்கறதுன்னா வூட்டாண்ட வந்து கேளுங்க சாமி" என்றாள் அவள், குடிசை வாசலிலிருந்து.

ஹயக்ரீவன் திரும்பிப் பார்த்தார். பதினோரு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நடந்தார். வாசலுக்கு எதிரே வந்து நின்று, "கொஞ்சம் தயவு பண்ணணும்" என்றார்.

கங்கையம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"புரட்டாசி வரிக்கும் ஆடுங்க. அப்பாலிக்கா மறுபடியும் வந்து கேக்கணும்."