இரைச்சல் தணிந்த சார்ஜர்

சார்ஜர் வடிவமைப்பதுதான் அவள் வேலை. கணவர் இறந்தபின் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, அவளுடைய புதிய சார்ஜர் சோதனையில் தோற்றது. பக்கத்திலிருந்த ரேடியோ கரகரத்தது. திரையில் மின் இரைச்சலின் கோடு அனுமதித்த எல்லையைத் தாண்டி நின்றது.

"இது சார்ஜரா, வானொலி நிலையமா?" என்று வழக்கம்போல ஆரம்பித்த சோதனை அறைக்காரர், அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வேற யாராவது பாக்கட்டும்மா," என்றார் மேலாளர்.

"இல்ல சார், நானே பாக்குறேன்."

சார்ஜருக்குள் ஒரு சுவிட்ச் நொடிக்கு லட்சம் தடவை மூடித் திறக்கிறது. அதன் வழியே மின்சாரம் சுற்றிவரும் பாதை அகலமாக இருந்தால், அதுவே ஆன்டெனாவாகி இரைச்சலைப் பரப்பும். மின்சாரத்தைத் தேக்கித் தரும் கெபாசிட்டர் சுவிட்சிலிருந்து தள்ளியிருந்தது. அவள் அதைக் கழற்றி, அதன் கம்பிக் கால்களைக் குட்டையாக வெட்டி, சுவிட்சை ஒட்டிப் பற்றவைத்தாள். பாதை சுருங்கியது. கை பழையபடியே வேலை செய்தது. அது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

கோடு எல்லைக்குக் கீழே இறங்கியது. ரேடியோவில் யாரோ தெளிவாகச் செய்தி வாசித்தார்கள். மேலாளர் கைதட்டினார். அவளுக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

வீட்டில் நாத்தனார் சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள்.

"எப்படி இருந்துச்சு அண்ணி?"

"பாஸாயிடுச்சு."

"நான் உங்களைக் கேட்டேன்."

அவள் இன்னொரு தட்டை எடுத்து நாத்தனாருக்கு வைத்தாள்.

"சாப்பாடு ஆறிடப் போகுது. நீயும் உக்காரு," என்றாள்.