என் மேஜைக்கு வந்த கல்

மட்டாஞ்சேரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சிறுநீரகக் கல் எந்தப் பொருளால் ஆனது என்று பார்த்துச் சொல்வதும் எங்கள் வேலைதான். போன வருஷம் என் கணவருடைய கல்லே என் மேஜைக்கு வந்தது.

அவர் தோப்பும்படி துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். முதல் முறை வலி வந்தபோது கல் கைக்குக் கிடைக்கவில்லை. தக்காளிதான் காரணம் என்று கூட்டாளிகள் சொல்ல, அன்றோடு அதை விட்டுவிட்டார். என்ன கல் என்று தெரியாததால் என்னாலும் மறுத்துப் பேச முடியவில்லை. ரசத்தை வெறும் புளியில் வைத்துப் பழகினேன்.

இந்த முறை சிறுநீர் பிடித்த வடிகட்டியில் கல் விழுந்தது. மஞ்சளாக, மிளகைவிடச் சிறியதாக இருந்தது. கழுவி உலர்த்திப் பொடித்துக் கருவியில் வைத்தேன். திரையில் கோடுகள் எழுந்ததுமே தெரிந்துவிட்டது, முழுக்க யூரிக் ஆசிட். உடனே போன் செய்தேன்.

"இனிமே தக்காளி தாராளமா சாப்பிடலாம்."

"அப்போ பிரச்சனை எதுல?"

"மீன்லயும் எறச்சியிலயும்தான். தண்ணியும் குடிக்கிறதில்ல. மத்தி மீனக் கொறைக்கணும்."



"எடி, எனக்குத் தக்காளியே வேண்டாம். மத்திய மட்டும் விட்டுத் தா."

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். இப்போது என் கணவர் பெரிய பாட்டிலில் தண்ணீரோடுதான் வேலைக்குப் போகிறார். மத்திக் கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்று சட்டியை வழிப்பதும் அவர்தான்.