வீரம்மாவின் தக்காளிக் கூடாரமும் நிரோஷாவின் பிளாக்செயினும்

நிரோஷா மலையகத்துப் புசல்லாவையில் பிறந்தவள். மஹய்யாவையில் குடியிருந்து, கண்டி நகரில் ஒரு கணினிக் கடையில் வேலை பார்த்தாள். பிறந்த ஊரில் தக்காளி பயிரிடுகிறவர்கள் தங்கள் பொலித்தீன் கூடாரங்களுக்கு இணையத்தில் இயங்கும் பெட்டிகள் வாங்கியபோது, பொருத்திக்கொடுத்தது அவள்தான். வெப்பம் ஏறினால் பெட்டி விசிறியைச் சுழலவிடும். மண் காய்ந்தால் மோட்டரைப் போடும். கட்டளைகள் எல்லாம் கடையிலிருந்த ஒரே கணினி வழியாகப் போயின.

ஒரு பங்குனி நண்பகலில், அவர்களில் ஒருவரான வீரம்மா போனில் அழைத்தார்.

"ஏம்மா நிரோஷா, ஃபேன் எல்லாம் நின்னுபோச்சு. போன்ல அமுக்கினாலும் சுத்த மாட்டேங்குது. பக்கத்துக் கூடாரத்துலயும் இதே கததான்."

நிரோஷா கடைக் கணினியைப் பார்த்தாள். யாரோ அதன் கடவுச்சொல்லைத் திருடி எல்லாப் பெட்டிகளையும் முடக்கியிருந்தார்கள்.

"பெட்டி வயரக் கழட்டிட்டு, சுவிட்சக் கையால போடுங்கக்கா!"

விசிறி சுழன்றது. ஆனால் அதற்குள் பூக்கள் கருகிவிட்டன. நிரோஷா பஸ் பிடித்துப் போனபோது வீரம்மா ஏசவில்லை. கருகிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கடையில் மென்பொருள் எழுதும் அனோஜன் யாழ்ப்பாணத்துக்காரன். அவனிடம் சொன்னாள்.

"ஓம், எல்லாத்துக்கும் ஒரே பூட்டு. அதை உடைச்சாக் காணும், எல்லாம் போச்சு," என்றான். "கட்டளைப் பதிவை எல்லாப் பெட்டியளுக்கும் பிரிச்சுக் குடுப்பம்."

இருவரும் பிளாக்செயின் முறையில் அதை அமைத்தார்கள். ஒவ்வொரு கட்டளையும் முந்தியதோடு சங்கிலியாகக் கோக்கப்பட்டு, எல்லாப் பெட்டிகளிலும் பதியும். உரியவரின் போனிலிருந்து வராத கட்டளையை மற்றப் பெட்டிகள் ஏற்காது. ஒன்றில் பதிவைத் திருத்தினாலும் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும்.

வீரம்மாவுக்கு ஒரு சந்தேகம். "அப்ப எங்கூட்டு வெவகாரம் அடுத்த வீட்டுக்குத் தெரியுமா?"

"நீங்க மோட்டர் போட்டது மட்டும் தெரியும்க்கா."

"அது தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது."

அடுத்த போகத்தில் நிரோஷா வீரம்மா வீட்டில் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் போனில் எச்சரிக்கை ஒலித்தது. யாரோ பக்கத்துக் கூடாரத்துப் பெட்டிக்குள் புகுந்து, எல்லா விசிறிகளையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பெட்டிகள் அதை ஏற்காமல், அந்தப் பெட்டியையே ஒதுக்கிவைத்திருந்தன.

வீரம்மா ஓடிப்போய்ப் பார்த்தார். விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"வந்தவன் போயிட்டானா?"

"வாசலோட நிக்கிறான்க்கா. உள்ள வர முடியல."

வீரம்மா வாய்விட்டுச் சிரித்தார். நிரோஷா கை கழுவிக்கொண்டு பக்கத்துக் கூடாரத்துக்குப் போய், கெட்ட பெட்டியில் இருந்ததையெல்லாம் அழித்து, மறுபடி சங்கிலியில் சேர்த்தாள். மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் பூ வளர்க்கிற ஒருவர், தனக்கும் இப்படி அமைத்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவருக்குப் பதில் அனுப்பிவிட்டு, அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.