அந்தப் பச்சைக் காரில் எதைத்தான் பார்ப்பது?

பழைய கார் விற்கிறவனுக்கு இரண்டு நாக்கு வேண்டும் என்பார்கள். எனக்கு ஒரே நாக்கும் இரண்டு மனசும் இருந்தன, அதுதான் தொல்லை.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த சமயம். மலாக்காவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டத்துத் துரைமார்கள் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். மேசை நாற்காலிகளை ஏலம் போட்டார்கள், நாய்களை நண்பர்களிடம் ஒப்படைத்தார்கள், கார்களைக் காஜா பெராங்கில் எங்கள் மைதீன் முதலாளியின் கடையில் விட்டுப் போனார்கள். பாதி கார்கள் சாதாரணக் குடும்பக் கார்கள். மீதி எல்லாம் வேகக் கார்கள். இரண்டே இருக்கை, துணிக்கூரை, நீண்ட மூக்கு, மிதித்தால் பறக்கிற இன்ஜின். அந்த மாதிரி வண்டியில் எதைப் பார்த்து வாங்குவது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பார்த்துச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கிய எனக்கும் தெரியாது. பழைய கார் வாங்கி நொந்த அன்பர்களே, உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

மச்சினன் பார்த்தது

ஒரு துரை கரும்பச்சை நிறத்தில் ஒரு வேகக் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். "இதில் ஏதாவது கோளாறு உண்டா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு உண்டு என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவரைக் கேட்கலாமென்றால் அவர் அதற்குள் நடுக்கடலில் இருந்தார்.

மறுநாள் என் மச்சினன் தங்கராஜு கடைப் பக்கம் வந்தான். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. பச்சைக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான், உட்கார்ந்தான், ஸ்டீயரிங்கைத் தடவினான். அன்றிலிருந்து வேலை விட்டால் கடைதான். என் மனைவி கமலத்துக்கு அவன் ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை அவள்தான் தூக்கி வளர்த்தாள். விஷயம் காதில் விழுந்ததும் அவள் என்னைச் சமையலறை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பேச்சில் காருக்குக் காடி என்று பெயர். "அந்தக் காடி நல்லதுன்னு நீங்க சொன்னா அவன் வாங்கிடுவான், கெட்டதுன்னு சொன்னா விட்டுடுவான். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் காடியக் கேக்க மாட்டேன், உங்களத்தான் கேப்பேன்."

கை வைத்துப் பார்

இந்தத் தொழிலைப் பற்றிய புத்தகங்களில் முதல் பாடம் இது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பானெட்டின்மேல் கையை வை. சூடாக இருந்தால் விற்கிறவன் முன்கூட்டியே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான், ஆறினபின் அது லேசில் கிளம்பாது என்பதை மறைக்கத்தான் அப்படிச் செய்கிறான் என்று அர்த்தம். நல்ல பாடம்தான். ஆனால் அதை எழுதினவர் மலாக்கா வெயிலைப் பார்த்ததில்லை. பச்சைக் காரைப் பார்க்க ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நட்ட நடுப்பகலில் வந்தார். பானெட்டில் கை வைத்தார், "ஸ்" என்று உதறினார். "ஓட்டி வெச்சிருக்கீங்க" என்றார். "வெயில் சார்" என்றேன். "அப்ப நெழலுக்குக் கொண்டுபோங்க, ஆறட்டும்" என்றார். நிழலுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஸ்டார்ட் செய்தாக வேண்டும். செய்தேன். இப்போது அது நிஜமாகவே இன்ஜின் சூடு.

மறுநாள் விடிந்ததும் வரச் சொன்னேன். வந்தார். பானெட் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. சாவியைத் திருகி விசையை இழுத்ததும் முதல் இழுப்பிலேயே உறுமிக் கிளம்பியது. வாத்தியார் முகம் மலரும் என்று பார்த்தால் இன்னும் சுருங்கிப் போனது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்: "இவ்வளவு சுலபமா கெளம்புற காடிய அந்தத் துரை ஏன் விட்டுட்டுப் போனாரு?"

எண்ணைப் பார்

இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம், ஆனால் எங்கள் ஊரில் இதுதான் தலைப்பாடம். பச்சைக் காரின் நம்பரைக் கூட்டினால் எட்டு வரும். நடுவில் ஒரு நாலு வேறு. செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தும் கிட்டங்கியிலிருந்து வந்தவர் கூட்டிப் பார்த்துவிட்டு, "எட்டு சனியோட எண்" என்று காரைத் தொடாமலே நடையைக் கட்டினார். பின்னாலேயே தெங்கேராவிலிருந்து ஒரு சீனத் தவுக்கே, பெரிய கடை முதலாளி, வந்தார். எட்டு என்றதும் அவருக்கு வாயெல்லாம் பல், சீனர்களுக்கு அது செல்வத்தின் எண். நடுவில் இருந்த நாலைப் பார்த்ததும் பல் உள்ளே போய்விட்டது, அது அவர்களுக்குச் சாவின் எண்.

ஒரே நம்பர் ஒருவருக்குச் சனி, ஒருவருக்கு லட்சுமி, அவருக்கே எமனும்கூட. தங்கராஜுவுக்கு ஒவ்வொருவர் வாங்காமல் திரும்பிப் போகும்போதும் ஆனந்தம். நான் எதை நம்புவது என்று தலையைச் சொறிந்துகொண்டு முதலாளியைப் போய்க் கேட்டேன். மைதீன் முதலாளி தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "காடி நம்பர்லயா ஓடுது? நாலு சக்கரத்துல ஓடுது. அத எவனாவது பாத்தானா கேளு."

காந்தம்

அடிபட்ட காரின் தகட்டில் குழி விழுந்திருந்தால் ஈயத்தை உருக்கி நிரப்பி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரும்பில் காந்தம் ஒட்டும், ஈயத்தில் ஒட்டாது. ஆகவே ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு பச்சைக் காரை மூக்கிலிருந்து வால்வரை தடவினேன். கதவில் ஒட்டவில்லை. பானெட்டில் ஒட்டவில்லை. வலது பக்கத்து முன் மட்கார்டில் மட்டும் டக்கென்று ஒட்டியது. தங்கராஜுவைக் கூப்பிட்டு, "டேய், இந்த மட்கார்டைத் தவிர மிச்சம் முழுக்க ஈயம்டா" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் மெக்கானிக் நடராஜா காஜா பெராங் சிட்டிக் குடும்பத்துக்காரர், தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் வாழ்ந்து தமிழை மறந்துபோன இந்துக்கள். நெற்றி நிறைய விபூதி, வாய் திறந்தால் மலாய். அவர் பானெட்டை ஒரு கையால் அப்பளம் மாதிரி தூக்கிக் காட்டினார். ஈயமென்றால் இவ்வளவு லேசாக இருக்குமா? உள்பக்கம் சுரண்டிப் பார்த்தார், வெள்ளையாக மின்னியது. அலுமினியம். வேகத்துக்காக உடம்பையே அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் ராத்திரிச் சாப்பாட்டில் மறுபடியும் போனது. சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டேன். கார் முழுக்க அலுமினியம் என்றால் அந்த ஒரு மட்கார்டு மட்டும் ஏன் இரும்பு? பழசு நசுங்கிப் போய்ப் புதிதாக அடித்து மாட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ஒட்டாத இடமெல்லாம் நல்லது, ஒட்டின இடம்தான் கெட்டது. எதில் மோதியது? அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்வரை வளைந்திருக்குமா? சட்டம் வளைந்த வேகக் கார் கோணலாக ஓடும், வளைவில் திருப்பினால் தூக்கி எறிந்துவிடும். கமலம் ரசத்தை ஊற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் நடராஜாவைக் காருக்கு அடியில் அனுப்பினேன். வெகுநேரம் கழித்து முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்து மலாயில் சொன்னார்: "பார்த்தால் நேராகத்தான் தெரிகிறது. ஆனால் படுத்துக்கொண்டு பார்த்தால் எனக்கு எல்லாமே நேராகத்தான் தெரியும்."

தடம்

சட்டம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஈர மண்ணில் நேராக ஓட்ட வேண்டும். முன் சக்கரத்தின் தடத்திலேயே பின் சக்கரமும் போனால் கார் சரி, ஒதுங்கிப் போனால் சட்டம் கோணல். இதையும் கமலத்திடம் சொன்னேன். நான் எதைத்தான் அவளிடம் சொல்லாமல் இருந்தேன்! அலை உள்வாங்கியிருந்த நேரமாகப் பார்த்து நானும் தங்கராஜுவும் பச்சைக் காரைத் தெங்கேராக் கடலோரம் கொண்டுபோனோம். அவன்தான் ஓட்டினான். கெட்டி ரோட்டில் போகும்போதே அவன் மிதித்த மிதியில் என் தொப்பி பறந்துவிட்டது. கூடவே குலதெய்வத்தின் பெயரும் எனக்கு மறந்துவிட்டது.

கரையில் இறங்கிக் கொஞ்ச தூரம் அழகாகத்தான் போனது. பிறகு சேறு. சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்று புதைந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நல்ல மனசோடு ஓடிவந்து தள்ளினார்கள். கார் மேலே ஏறியது. ஆனால் நான் பார்க்க வேண்டிய தடத்தின்மேல் அத்தனை கால்களும் மிதித்திருந்தன. மிதிபடாமல் தப்பின இடத்தை அலை வந்து அழித்துவிட்டது. சேறு வழியும் கால்சட்டையோடு நான் மண்ணை வெறித்துக்கொண்டு நிற்க, தங்கராஜு காரின் முதுகைத் தட்டிக்கொடுத்துச் சொன்னான்: "அந்த ஓட்டத்துல ஒரு நடுக்கம் உண்டா மாமா? நான் முடிவு பண்ணிட்டேன்லா."

வாங்காத காருக்குப் பூஜை

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மதில்மேல் பூனையாக இருந்தேன். அந்தப் பூனையைத் தள்ளிவிட தங்கராஜு ஒரு யோசனை செய்தான். எங்கள் ஊரில் கார் வாங்கினால் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு ஓட்டுவது வழக்கம். பூஜை போட்ட காரை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஆகவே வாங்குவதற்கு முன்னாலேயே பூஜையைப் போட்டுவிடுவது என்று மாலையும் தேங்காயும் சூடமுமாகக் கடைக்கு வந்துவிட்டான். முதலாளிக்குப் பரம சந்தோஷம். தானே விளக்குமாற்றை எடுத்துக் கடை முன்னாலிருந்த சிமெண்டுத் தரையைக் கூட்டினார்.

கமலமும் வந்திருந்தாள். "என் தம்பிக்கு நான்தான் வைப்பேன்" என்று குனிந்து, சக்கரத்துக்கு ஒரு பழமாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது. தங்கராஜு கும்பிட்டுவிட்டு காரை நகர்த்தினான். பழங்கள் வெடித்தன, எல்லாரும் கை தட்டினார்கள். நான் குனிந்து பார்த்தேன். முன் சக்கரம் நசுக்கின பழங்கள் தட்டையாகக் கிடந்தன. பின்னால் வந்த சக்கரம் அவற்றின்மேல் ஏறவில்லை. தன் பழத்தை நசுக்கிக்கொண்டு வந்த அதன் ஈரத் தடம் இடது பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது. மறுபக்கம் ஓடிப் பார்த்தேன், அங்கேயும் அதே இடது ஒதுக்கம். என் தொழில் வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குக் குழப்பமே இல்லை.

"தங்கராஜு, எறங்கு. சட்டம் கோணல். இந்தக் காடி வேணாம்" என்று முதலாளி முன்னாலேயே கத்திவிட்டேன். "தரை சரிவுப்பா" என்றார் முதலாளி. நடராஜா தோளைக் குலுக்கினார். தங்கராஜு இன்ஜினை நிறுத்தினான். பிறகு இறங்கி வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் பிள்ளை தப்பித்தான் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. முதலாளி காரிலிருந்த மாலையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "பூஜை போட்ட காடிய மறுபடி விலைக்கு வெச்சவன் மலாக்காவுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன், பொன்னையா."

ஒதுங்கியது எது?

பச்சைக் காரை ஒரு தோட்டத்து டாக்டர் வாங்கிக்கொண்டு போனார். செமாபோக்கில் வீடு. எங்கள் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடித்துக் கையாட்டுவார். நானும் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பின்னாலிருந்து குனிந்து பார்ப்பேன். ஒரு நாள் கோணலாகத் தெரியும். மறுநாள் நேராகத் தெரியும். டாக்டருக்கும் ஒன்றும் ஆகவில்லை, காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தங்கராஜு என்னோடு பேசுவதையே விட்டுவிட்டான். ஹாரன் சத்தம் கேட்டால் அவன் முகம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

ஒரு நாள் மனசு தாங்காமல் கமலத்திடம் புலம்பினேன். "அந்தத் தடம் தப்பா இருக்குமோ? நல்ல காடிய அவன் கையிலேருந்து புடுங்கிட்டேனோ?" கமலம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "முன்சக்கரத்துக்கு வெச்ச ரெண்டு பழத்தையும் நான் நடுவுல வைக்கல. சக்கரத்தோட வலது ஓரத்துல வெச்சேன். ஓரத்துல மாட்டுன பழம் வெளியத்தானே பிதுங்கும்? பின்னாடி வர்ற சக்கரம் அத எப்படி மிதிக்கும்? முன்சக்கரத் தடத்துலதான் பின்சக்கரம் போவணும்னு நீங்கதானே சொன்னீங்க."

கோபப்படுவதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது. "அப்ப அந்தக் காடி நேரா, கோணலா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? காடியப் பாக்குறது உங்க வேலை. அவன் மிதிக்கிற மிதி எனக்குத் தெரியும், நான் அதத்தான் பாத்தேன்."

பழைய வேகக் கார் விற்கவோ வாங்கவோ நினைக்கும் அன்பர்களே, பானெட்டையும் நம்பரையும் காந்தத்தையும் தடத்தையும் பிறகு சாவகாசமாகப் பார்த்துக் குழம்பிக்கொள்ளலாம், முதலில் ஓட்டப் போகிறவனுக்கு ஓர் அக்கா இருக்கிறாளா என்று விசாரித்துவிடுங்கள்.