விசா வராதவர்களின் நாடகம்

1987 மே 14, வியாழக்கிழமை. இந்தியர்கள் நிறைந்த அரசைக் கவிழ்க்கப் படையினர் துப்பாக்கிகளோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை, இரண்டாம் முறை ஆட்சியைப் பிடித்தார்கள். பிஜியில் என் வயதுக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் இந்த இரண்டு தேதிகளையும் கிழமையோடு சொல்வார்கள். மூன்றாவதாக ஒன்றை நான் மட்டும் வைத்திருக்கிறேன். மறு வருடம் படிப்பு தொடங்கிய முதல் வாரத்தில், சுவாவில் நான் படித்த பல்கலைக்கழகத்தில், கலைத் திறனை வளர்த்துக்கொள்ள மாணவர்கள் ஆறு பேருக்கு உதவித்தொகை அறிவித்தார்கள். நாடகத்துக்கு நான்.

நாடு கிழிந்து கிடந்தபோது கலை வந்து தைத்துவிடும் என்று எங்கோ யாரோ நினைத்திருக்க வேண்டும். விழாவில் 'இந்த மண்ணில் வேர்விட்ட கலை' என்று மூன்று பேர் பேசினார்கள். அன்று என்னோடு மேடையில் நின்றவர்களில் ஓவியம் வரைந்தவள் இப்போது ஆக்லாந்தில் இருக்கிறாள். நடனம் ஆடியவள் சிட்னியில். பாட்டுக்காரர்கள் இருவரும் பிரிஸ்பேனில், பக்கத்துப் பக்கத்துத் தெருவில். மரம் செதுக்கிய பிஜியப் பையன் மட்டும் எங்கும் போகவில்லை. அவன் அந்த வருடமே படையில் சேர்ந்துவிட்டான்.

உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வருடத்தின் பின்பாதியில் அவரவர் ஊருக்குப் போய், அங்குள்ள மக்களை வைத்தே ஒரு படைப்பை உருவாக்கி, நவம்பரில் அரங்கேற்ற வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் இரண்டாம் வருடம் உண்டு. இல்லையென்றால் என் நாடகப் படிப்பு அதோடு முடிந்தது. என் அப்பா பா நகரத்துக்கு வெளியே கரும்பு போட்டவர். எங்கள் வீடு வரதோலியில். அவர் முடிவைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"அடுத்த வருஷமும் குடுத்தானா, போ, ஆடு. குடுக்கலியா, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் படி. ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் பாயிண்ட் இருக்கு. கோமாளி வேஷத்துக்கு எந்த நாட்டுலயும் பாயிண்ட் இல்ல."

பாயிண்ட் என்றால் அந்த நாளில் யாருக்கும் விளக்க வேண்டாம். குடியேற வருகிறவர்களுக்கு ஆஸ்திரேலியாவும் கனடாவும் எந்தத் தொழிலுக்கு எத்தனை மதிப்பெண் தருகின்றன என்பது பா கடைத்தெருவில் மீன் விலையைப் போல எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "நல்லாயிருக்கியா?" என்று கேட்பது போய், "எங்க போட்டிருக்கே?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

நான் எழுதிய நாடகம் சின்னது. கிர்மிட் என்று நாங்கள் சொல்லும் கூலி ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்குத் திரும்பக் கப்பல் நிற்கிறது. நான்கு பேர் ஏறுவதா வேண்டாமா என்று ஓர் இரவு முழுவதும் பேசி, கடைசியில் இங்கேயே இருந்துவிடுகிறார்கள். ஒரு சர்தார், அதாவது கூலிகளின் கங்காணி, ஒரு விதவை, ஒரு சமையற்காரன், ஓர் இளைஞன். பாதி பிஜி இந்தி, பாதி தமிழ். (எங்களுக்குள் நாங்கள் பேசியதும் பெரும்பாலும் பிஜி இந்திதான். இங்கே எல்லாவற்றையும் தமிழில் தருகிறேன்.) முடிவில் சர்தார் கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு சில வரிகள் பேசுவார். அந்த இடத்தில் கொட்டகை அழ வேண்டும். அதற்காகவே மற்றதையெல்லாம் எழுதினேன்.

ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. புதிய சட்டப்படி ஞாயிறு கர்த்தருடைய நாள். பஸ் ஓடாது, கடை திறக்காது, பந்து உதைக்கக் கூடாது. எனவே சனிக்கிழமை மதியம் கடைகள் அடைத்த பிறகு, ஒரு தையற்கடையின் பின்னறையில் கூடினோம். தையற்காரர் இடம் கொடுத்தவர், அவ்வளவுதான். முதலில் அவருக்கு வேஷம் இல்லை. சர்தாராக நடித்தவர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். ஆள் ஆறடி, பேசினால் கூரைத் தகரம் அதிரும். ஜூலையில் அவருக்கு மெல்பர்ன் விசா வந்தது.

"நாடகம் முடியறவரைக்கும் இருங்கண்ணே."

"டேய், அவங்க மனசு மாறறதுக்குள்ள நான் பிளேன்ல உக்காந்திருக்கணும்டா."

அடுத்து வந்த சர்தார், ஊருக்கும் ஆலைக்கும் ஆள் ஏற்றும் கேரியர் வண்டி ஓட்டியவர். மூன்று சனிக்கிழமைதான் வந்தார். சமையற்காரன் வேஷத்துக்கு வந்தவர்கள் வசனத்தைப் பாடம் பண்ணுவதற்குள் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சமையற்காரனும் போனபிறகு அந்த வேஷத்தையே வெட்டினேன். கூலிக்காரர்கள் சமையல் இல்லாமலே பேசட்டும்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. குரல் எப்படி, நடை எப்படி என்று பார்ப்பதை விட்டேன். நடிக்க வந்தவர்களிடம் வேறு கேள்விகள் கேட்டேன். அண்ணன் தம்பி யாராவது வெளியே இருக்கிறார்களா? கையில் தொழில் உண்டா? வயது நாற்பத்தைந்துக்கு மேலா? தூதரகக்காரர்கள் யாரை வேண்டாம் என்பார்களோ, அவர்களை நான் தேடினேன். விதவையாக நடித்த பெண் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். அவளிடம் கேட்டபோது துணியை மடித்தபடியே சொன்னாள்: "எனக்கு வெளிய யாரும் இல்ல. தொழில், புடவை மடிக்கிறது. அதுக்குப் பாயிண்ட் இருந்தா எனக்கும் சொல்லுங்க."

இந்தத் தேர்வில் எல்லோரையும் விட உயர்ந்து நின்றவர் தையற்காரர். கனடா அவரை இரண்டு முறை திருப்பியிருந்தது, ஆஸ்திரேலியா ஒரு முறை. ஐம்பதை நெருங்கியவர். குட்டை. குரல் தகரம் இல்லை, துணிதான். அவரைச் சர்தாராகப் போட்டேன்.

"ஏன் தம்பி, எங்கிட்ட அப்படி இன்னா நடிப்பப் பாத்தே?"

நான் பதில் சொல்லுமுன் புடவைக் கடைப் பெண் சிரித்துவிட்டாள். அவருக்கும் புரிந்துவிட்டது.

"சரிதான். கனடாக்காரன் வேணாம்னதுக்கு நீயாவது எடுத்துக்கிட்டியே. மகராசனா இரு."

ஆனால் நன்றாகவே நடித்தார். யங்கோனா வேரைக் கரைத்துப் போதைக்குக் குடித்துவிட்டு வந்தாலும் வசனம் பிசகாது. அக்டோபர் நடுவில், மூன்று பேரை வைத்தே நாடகம் நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. இளைஞனாக நானே நடித்தேன்.

அந்த வாரம்தான் அப்பா சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க சித்தப்பன் ஸ்பான்ஸர் பண்ணிட்டான். சிட்னி. அடுத்த மாசம் மெடிக்கல். உம் பேரும் போட்டுருக்கு."

"என்னைக் கேக்கலியே நைனா."

"கேட்டா இன்னா சொல்லுவே? நாடகம்னுவே."

"நாடகம்தான்."

"டேய், இப்ப எங்க பிள்ளைன்னு வரலாம். வயசு தாண்டிட்டா நீ தனி ஆளு. அப்புறம் நீயே வரிசைல நிக்கணும். யோசிச்சுக்கோ."

தங்கை அதற்குள் சிட்னியின் படம் போட்ட காலண்டரைச் சுவரில் மாட்டியிருந்தாள்.

சனிக்கிழமை ஒத்திகையில் நானே சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தாலும் பா சின்ன ஊர். தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்க எல்லாருக்கும் விசாரணை வெச்சியே. அண்ணன் எங்க, தம்பி எங்கன்னு. வூட்டுல சித்தப்பன் இருக்கறத மட்டும் மறந்துட்டே."

"நான் போகப்போறதில்ல அண்ணே."

"இன்னா அழகா சொல்றான் பாரு. ஏம்மா, இத அப்படியே கடைசி சீன்ல சேத்துக்கலாமா?"

புடவைக் கடைப் பெண் அவரைப் போலக் கிண்டல் செய்யவில்லை. "நாடகத்தன்னிக்கு இருப்பீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். இருப்பேன் என்றேன். "அப்ப ஆரம்பிங்க" என்றாள்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, பக்கத்து நகரமான லவுத்தோக்காவில் ஒரு பள்ளிக்கூடக் கூடம். கரும்பு அரைப்பு முடியும் தறுவாய். ஆலைப் புகையில் ஊரே வெல்லப்பாகு மணத்தது. பாவிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பலர் நாடகம் பார்க்க வந்தவர்கள் இல்லை. போகப்போகிறவர்களும் இருக்கப்போகிறவர்களும் ஒருவரையொருவர் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கும் கதவு சாத்தியிருந்ததே. முன்வரிசையில் தேர்வுக்கு வந்த வெள்ளைக்காரர், பக்கத்தில் அவருக்கு மொழிபெயர்க்க ஒருவர். இரண்டாம் வரிசையில் என் குடும்பம். திங்கட்கிழமை அவர்களுக்கு மெடிக்கல்.

முக்கால் மணி நேரம் கூடம் அமைதியாகக் கேட்டது. கடைசிக் காட்சி வந்தது. தையற்காரர் குனிந்து மண்ணை எடுத்தார். துண்டில் முடிந்தார். நிமிர்ந்தார்.

"கப்பல் போவட்டும். நான் இங்கதான் கெடப்பேன். எம் புள்ளைங்களும் சரி, பேரப்புள்ளைங்களும் சரி, ஒருத்தனும் இந்த மண்ண உட்டுப் போவமாட்டான்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"சர்தாரே! உம் பேரன் போன வாரமே போயிட்டான்யா!"

கூடம் வெடித்தது. நாற்காலிகள் ஆடின. யாரோ, "பாஸ்போர்ட்ட அந்தத் துண்டுலதான் வெச்சிருக்கான், அவுத்துப் பாரு!" என்று கத்தினார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் பெண்கள். தையற்காரர் அசையாமல் நின்றார். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, அதே வரியை மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுபடியும் சிரித்தார்கள், முதல் முறையை விடச் சத்தமாக. முன்வரிசையில் வெள்ளைக்காரர் மொழிபெயர்ப்பாளர் பக்கம் சாய்ந்து கேட்டு, தாமதமாக, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இரண்டாம் வரிசையில் அப்பா மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உதவித்தொகை இரண்டாம் வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது. நகைச்சுவையில் எனக்கு அரிய திறன் இருப்பதாகவும், மக்களின் நாடித்துடிப்பை அறிந்தவன் என்றும், அடுத்த வருடம் முழுநீள நகைச்சுவை நாடகம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். சுவாவில் பல்கலைக்கழகத்தின் மாடியறை ஒன்றில் எனக்குக் கை கொடுத்தார்கள். நான் நன்றி சொன்னேன்.

மெடிக்கலுக்கு நான் போகவில்லை. அப்பாவும் அதன்பின் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. 1989 ஏப்ரலில் நாந்தி விமான நிலையத்தில் அவர்களை வழியனுப்பினேன். அம்மா கண்ணாடிக் கதவு வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அப்பா திரும்பவில்லை. அதே வருடம் புடவைக் கடைப் பெண்ணை ஆக்லாந்து மாப்பிள்ளை ஒருவன் ஒரே வாரத்தில் பார்த்து, முடித்து, அழைத்துப்போனான். ஆகஸ்டில் தையற்காரர் கடைக்குள் என்னைக் கூப்பிட்டு, சொல்லமுடியாமல் ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"கனடாக்காரன் ஒத்துக்கிட்டான் தம்பி. அக்கா புருஷன் கையெழுத்துப் போட்டாரு."

"நல்லது அண்ணே."

"உனக்கு ஆள் இல்லாமப் போயிடுமே."

"பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நகைச்சுவை நாடகம் எழுதப்பட்டது. நடிக்க யாரும் நிலையாகக் கிடைக்கவில்லை. நவம்பரில் காட்ட ஒன்றும் இல்லாததால் உதவித்தொகை நின்றது. நான் பாவில் ஒரு பள்ளியில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தேன். 2000 மே 19, வெள்ளிக்கிழமை, மறுபடி நாடாளுமன்றத்துக்குள் ஆட்கள் துப்பாக்கியோடு புகுந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். அடுத்த தவணையில் வகுப்பில் பாதி பெஞ்சு காலி.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத் தையற்காரர் கனடாவிலிருந்து போன் செய்தார். அவர் இருக்கும் சர்ரேயில் நம் ஆட்கள் நிறைய. வருடத்துக்கு ஒருநாள் கூடி விருந்து வைக்கிறார்கள். நான்கு வருடமாக அந்த விருந்தில் என் நாடகத்தைப் போடுகிறார்களாம். சர்தார் அவர்தான். வெட்டிய சமையற்காரன் வேஷத்தையும் திரும்பச் சேர்த்துவிட்டார். அங்கே ஆளுக்குப் பஞ்சம் இல்லை.

"கடைசி சீனு வந்தா ஒருத்தர் கண்ணும் காயறதில்ல தம்பி. 'இந்த மண்ண உட்டுப் போவமாட்டான்'னு நான் சொன்னவொடனே ஆம்பளைங்களே ஓன்னு அழறாங்க. நீ இருந்து பாக்கணும்."

நான் இருந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

"ஒரு உதவி வேணும். நம்ம பா மண்ணு, ஒரு டப்பால போட்டு அனுப்பறியா? துண்டுல முடியறதுக்கு. நெஜ மண்ணா இருந்தா நல்லாயிருக்கும்."

தபால் நிலையத்தில் விசாரித்தேன். மண்ணைக் கனடாவுக்குள் விடமாட்டார்கள், நோய் பரவுமாம். அடுத்த முறை அவர் அழைத்தபோது சொன்னேன்.

"அட, உடு தம்பி," என்றார். "இங்க கடையில பூச்சட்டிக்குப் போடற மண்ணு பையில கட்டி விக்கிறான். இத்தினி வருஷமா அதுலதான் அழுவறாங்க."